வீட்டில் ரைபிள் தோட்டா ரீலோடிங்: சேலம் பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

அஸ்தம்பட்டி பையன் (புதிய உறுப்பினர்)

எல்லாருக்கும் வணக்கம். சேலம்தான் சொந்த ஊர். பத்து மீட்டர் ஏர் ரைபிளில் ஆரம்பித்தேன், இப்போதுதான் கிளப்பில் பாயிண்ட் 22 ரைபிளைத் தொட விட்டிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம், உரிமத்தோடு ஒரு 315 ரைபிள் வைத்திருக்கிறார். தோட்டா விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. யூடியூபில் பார்த்தால் அமெரிக்காக்காரர்கள் கார் ஷெட்டில் உட்கார்ந்து, சுட்டு மிஞ்சிய பித்தளைக் கூட்டையே ('கேஸ்') எடுத்து, வெடிமருந்து போட்டு, குண்டை அமுக்கி, பேசிக்கொண்டே ஒரு பெட்டி தோட்டா செய்துவிடுகிறார்கள். அமுக்குகிற அந்த 'பிரஸ்' கருவி இங்கே கிடைக்குமா? ஆரம்பிக்கிற ஆளுக்கு என்னென்ன வேண்டும்? பாயிண்ட் 22-க்கும் செய்யலாமா? அண்ணன்மார்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பழைய ஹவில்தார் (மூத்த உறுப்பினர்)

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பாயிண்ட் 22 ரிம்ஃபயர். அதற்குத் தனியாக கேப்பு (தீப்பற்ற வைக்கும் சின்ன மூடி) கிடையாது. கேஸின் அடி விளிம்பு மடிப்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்தைத் தடவி வைத்திருப்பான். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். பொறுக்கி எடுத்துப் பழைய பித்தளைக்காரனிடம் போடு, வேறு பிரயோஜனம் இல்லை.

315 சென்டர்ஃபயர். அடி நடுவில் கேப்பு உட்காரும். செய்முறை என்று பார்த்தால் அதை மறுபடி நிரப்பலாம். ஆனால் நீ இருப்பது அஸ்தம்பட்டி, அமெரிக்கா இல்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டம் 5-வது பிரிவைப் படி. துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். பெரியப்பா கையில் இருப்பது வைத்துக்கொள்ளும் உரிமம், தயாரிக்கும் உரிமம் இல்லை. அப்புறம் அதே சட்டத்தில் 2-வது பிரிவில் 'தோட்டா' என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கத்தையும் பார். தோட்டாவின் பாகங்கள், தோட்டா தயாரிக்கும் இயந்திரம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். நீ கேட்கிற பிரஸ்ஸே அந்த வரிக்குள் சிக்கலாம். 2019-ல் திருத்தம் வந்தபிறகு, உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 வருடம், ஆயுள் வரைக்கும் போகும்.

இன்னொன்று. பெரியப்பா ரைபிள் பெரியப்பாவுக்குத்தான். ஒரே வீட்டுப் பிள்ளை என்பதால் நீ எடுத்துச் சுட முடியாது.

ஜாலி ராஜா

இதெல்லாம் பெரிய விஷயமா? நம்ம பக்கம் பட்டாசு

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

பட்டாசு மருந்து, தீக்குச்சி மருந்து, 'அங்கே ஆள் இருக்கிறார்' வகைப் பதிவுகள் இங்கே நிற்காது. மருந்தின் அளவையும் யாரும் எழுத வேண்டாம். தத்துவம், பாதுகாப்பு, சட்டம், வெளிநாட்டில் முறைப்படி செய்கிறவர்களின் அனுபவம் எல்லாம் தாராளமாகப் பேசலாம்.

டெக்சாஸ் சேலத்தான்

நான் படித்தது வளர்ந்தது அம்மாபேட்டை, இப்போது இருப்பது டெக்சாஸ். இங்கே சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள உரிமம் கேட்பதில்லை. என் 308 வின்செஸ்டர் ரைபிளுக்கு நானே நிரப்புகிறேன். ஹவில்தார் ஐயா சொன்ன சட்டத்தில் தலையிடவில்லை, அது அங்கே அப்படித்தான். ஆனால் யூடியூபில் தம்பி பார்க்காத பகுதி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு தோட்டாவுக்கு நான்கு உறுப்பு: பித்தளை கேஸ், கேப்பு, மருந்து, குண்டு. சுட்டதும் மிஞ்சுவது கேஸ் மட்டும். சுடும்போது அது சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் குழி) அளவுக்கு உப்பிவிடும். அதை எண்ணெய் தடவி, டை என்கிற எஃகு அச்சுக்குள் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறோம். பழைய கேப்பும் அப்போதே கீழே விழுந்துவிடும். எண்ணெய் தடவ மறந்தால் கேஸ் அச்சிலேயே இறுகிக்கொள்ளும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அமுக்க அமுக்க கேஸ் நீளும். 308-க்கு 2.015 அங்குலம்தான் உச்ச நீளம். காலிப்பரில் அளந்து, நீண்டிருந்தால் சீவி, வாயின் பிசிரை எடுத்து, புதுக் கேப்பு அமுக்கி, மருந்து போட்டு, குண்டு உட்கார வைக்க வேண்டும். வீடியோவில் இந்தக் கடைசி மூன்றைத்தான் காட்டுவான். எனக்கு முக்கால்வாசி நேரம் போவது அதற்கு முன்னால் இருக்கும் வேலைக்குத்தான்.

அதிலும் ஒரு வேலையை யாரும் காட்டுவதே இல்லை. கேஸின் அடிப்பாகம் தடித்தது, சுவர் மெல்லியது. இரண்டும் சேருகிற இடத்தில்தான் பித்தளை ஒவ்வொரு சுடுதலிலும் இழுபட்டு மெலியும். வெளியே பார்த்தால் சில சமயம் அந்த இடத்தில் ஒரு பளபளப்பான வளையம் தெரியும், சில சமயம் ஒன்றுமே தெரியாது. அதனால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் சின்னதாக மடக்கி, கூராகத் தேய்த்து வைத்திருக்கிறேன். அதைக் கேஸுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரோடு உரசிக்கொண்டே மேலே இழுப்பேன். நல்ல கேஸ் என்றால் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே பள்ளம் விழுந்திருந்தால் நுனி 'டக்' என்று ஒரு இடத்தில் தட்டும். தட்டியதோ, அந்தக் கேஸை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன். நசுக்காமல் போட்டால் நாளைக்கு நானே தெரியாமல் திரும்ப எடுத்துவிடலாம். 308-ன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்தப் பள்ளத்தில் கேஸ் இரண்டாகப் பிரிந்தால் அந்தச் சூட்டு வாயு பின்பக்கமாக, முகத்தை நோக்கித்தான் வரும்.

கொலுசுப் பட்டறை

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, மகன் ஏர் ரைபிள் போட்டிக்குப் போகிறான், அதனால் இந்த இழையைப் படிக்கிறேன். டெக்சாஸ் தம்பி, ஒரு சந்தேகம். வெள்ளிக் கம்பியை அச்சில் இழுக்க இழுக்க முறுகிவிடும். இடையிடையே சூடு காட்டாவிட்டால் பட்டென்று ஒடியும். பித்தளையும் அப்படித்தானே? திரும்பத் திரும்ப அமுக்கினால் கேஸின் வாய் வெடிக்காதா?

டெக்சாஸ் சேலத்தான்

அண்ணே, கரெக்டாகப் பிடித்தீர்கள். கேஸ் பித்தளை 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். உப்புவதும் சுருங்குவதுமாக இருந்து கழுத்து முறுகிப்போகும். முதலில் குண்டைப் பிடிக்கும் பிடி கேஸுக்குக் கேஸ் மாறும், அப்புறம் கழுத்தில் நெட்டுக்கு விரிசல் விழும். அதனால் கழுத்துக்கு மட்டும் சூடு காட்டுவோம். ஆனால் உங்கள் வெள்ளியில் இல்லாத ஆபத்து இதில் உண்டு. அடிப்பாகம் இளகவே கூடாது. அது முறுக்காக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். எல்லாக் கேஸையும் மொத்தமாக அடுப்பில் வைத்துச் சூடு பண்ணினால் அடியும் மெத்தென்று ஆகிவிடும். அதைத் துப்பாக்கியில் போட்டால் வெடிகுண்டுதான்.

கொலுசுப் பட்டறை

நாங்கள் சுட்டதும் தண்ணீரில் போடுவோம்.

டெக்சாஸ் சேலத்தான்

பித்தளை இளக அது தேவையில்லை அண்ணே. சூடு கீழே இறங்காமல் இருக்கத்தான் சிலர் தண்ணீரில் போடுகிறார்கள். நான் போடுவதில்லை, அப்புறம் அதைக் காய வைப்பது தனி வேலை.

கொலுசுப் பட்டறை

எங்கள் ஆசாரி இதை ஒத்துக்கொள்ள மாட்டார். இருக்கட்டும். மருந்து எடை போட என்ன தராசு? என் பட்டறையில் இருப்பது 10 மில்லிகிராம் வரை காட்டும்.

டெக்சாஸ் சேலத்தான்

அது பத்தாதுங்க அண்ணே. இங்கே கணக்கு கிரெயின். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். ரீலோடிங் தராசு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம் காட்ட வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு குண்டுக்கும், ஒவ்வொரு மருந்துக்கும் ஆரம்ப அளவு, உச்ச அளவு என்று இரண்டு போட்டிருப்பான். கீழிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஃபேன் காற்றுப் பட்டாலே தராசு ஆடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தராசைவிடக் கண் முக்கியம். மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியும், ரைபிள் மருந்து மெதுவாக எரியும். பார்வைக்கு இரண்டும் கருமணல்தான், மாற்றிப் போட்டால் பேரல் கிழியும். மருந்து போட்ட கேஸ் எல்லாவற்றையும் கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்துவிட்டுத்தான் குண்டை வைப்பேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் இரட்டிப்பாக விழுந்திருந்தால் ஒரு பயங்கரம், ஒன்றுமே விழாமல் போனால் இன்னொரு பயங்கரம். இங்கே ரேஞ்சில் பக்கத்து மேஜைக்காரருக்கு அது நடந்தது. 'டப்' என்று சின்னச் சத்தம், கேப்பு மட்டும் எரிந்து குண்டைப் பாதி பேரலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அவர் போல்ட்டை இழுத்து அடுத்ததைப் போட்டுவிட்டார். சுடுவதற்குள் ரேஞ்ச் அதிகாரி கத்தி நிறுத்தியதால் ஆள் பிழைத்தார்.

சேர்வராயன்

ஏற்காட்டில் எஸ்டேட் பார்த்துக்கொள்கிறேன். இழை சுவாரசியமாகப் போகிறது, எங்கள் மலைக் கதையும் கொஞ்சம்.

இங்கே ரீலோடிங் புதுசே இல்லை. 1820-களில் காக்பர்ன் கலெக்டராக இருந்தபோது காபி வந்தது, அதன் பின்னாலேயே துரைமார்களும் துப்பாக்கியும் வந்தாயிற்று. பழைய பங்களாக்களில் பரணைக் குடைந்தால் 12 போர் ஷாட்கன் தோட்டா நிரப்பும் சாமான் இன்னும் கிடைக்கும். மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற ஒரு கைப்பிடி மிஷின், கரண்டி மாதிரி அளவுக் குப்பி, ஃபெல்ட் வட்டுகள். கருமருந்து போட்டு, வட்டை அமுக்கி, ரவை கொட்டி, மேலே அட்டை வைத்து, மிஷினைச் சுற்றினால் காகிதக் கேஸின் வாய் உள்பக்கமாக மடிந்துகொள்ளும். ஷாட்கன் என்பதால் அழுத்தம் குறைவு, கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் தாங்கியது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு ஷிகார் போயிற்று, மிஷின்களும் துருப்பிடித்தன.

இப்போது காட்டுமாடு கூட்டம் கூட்டமாகக் காபிக்குள் வருகிறது, காட்டுப்பன்றி மிளகுக் கொடி அடியைக் கிளறுகிறது. அதற்காக யாரும் துப்பாக்கியைத் தூக்க முடியாது. காட்டுமாடு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற, உச்சப் பாதுகாப்புள்ள விலங்கு. பன்றிக்குக்கூட 2025-ல் வந்த அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டினால் வனத்துறை ஆட்கள் சுடலாம், அவ்வளவுதான். தம்பியின் பெரியப்பாவுக்கு வருடத்துக்கு எத்தனை தோட்டா உண்மையில் செலவாகும்? எங்கள் எஸ்டேட்டில் ஒரு பெட்டி வாங்கினால் அடுத்த உரிமப் புதுப்பிப்பு வரை அப்படியே இருக்கிறது. அதற்கு யாராவது பிரஸ் வாங்குவார்களா?

அஸ்தம்பட்டி பையன்

நீங்கள் சொல்வது சரிதான் சார். பெரியப்பா சுட்டு நான் பார்த்ததே இல்லை. தோட்டாவை உரக்கிடங்கில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார், பித்தளையில் பச்சை பூத்திருக்கிறது. அதைச் சுடலாமா?

பழைய ஹவில்தார்

உரக்கிடங்கிலா! முதலில் அங்கிருந்து எடுக்கச் சொல். உரிமக்காரர் பூட்டி வைக்க வேண்டிய பொருள் அது, யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கிற சாமான் இல்லை.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் நம் நாட்டு மழைக்காலத்தில் தோட்டாக்கள் பெட்டிக்குள் இருந்தபடியே வெடிப்பு விட்டன. குதிரை லாயத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும் ஈரமும் சேர்ந்து, முறுகிய பித்தளையில் கீறல் விட வைத்தது என்று 1921-ல்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். யூரியா ஈரம் பட்டால் அதே அமோனியாதான். பச்சை பூத்ததைச் சுட வேண்டாம், துடைத்துவிட்டுச் சுடலாம் என்றும் நினைக்க வேண்டாம். வெளியே பச்சை, உள்ளே விரிசல் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

டெக்சாஸ் சேலத்தான்

அதனால்தான் அமோனியா கலந்த பித்தளை பாலிஷைக் கேஸ் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பார்கள். நான் போடுவது சிட்ரிக் அமிலக் கரைசல். அம்மாபேட்டையில் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்த கைதான், வேலை ஒன்றே.

315 பற்றியும் ஒரு வார்த்தை. அது வெளிநாட்டில் அந்தப் பெயரில் கிடையாது. 303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குத் தரமாட்டோம் என்று வெள்ளைக்காரன் சொன்னான், பதிலுக்கு ஆஸ்திரியாவின் பழைய 8×50 மான்லிக்கர் தோட்டாவை எடுத்து இந்திய 315 ஆக்கினார்கள். இங்கே அதற்கு டை, கேஸ் எல்லாம் சல்லடை போட்டுத் தேட வேண்டும். ஒருவேளை அனுமதியே கிடைத்தாலும் தம்பிக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. நானே இங்கே மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யவில்லை. ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு குறைகிறது, அதனால் இன்னும் அதிகமாகச் சுடுகிறேன், மாதக் கடைசியில் கணக்கு பழையபடியேதான். என் பேரலுக்குப் பிடித்த தோட்டா என் கையிலேயே அமைகிறது என்பதற்காகத்தான் செய்கிறேன்.

பத்து மீட்டர் அக்கா

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இந்தக் கடைசி வரி வந்ததும் எழுதத் தோன்றியது. தம்பி, 'என் பேரலுக்குப் பிடித்த தோட்டா' என்கிற அதே வேலையை மருந்தே இல்லாமல் உன் ஏர் ரைபிளில் செய்யலாம். பத்து மீட்டர் இலக்கில் 10 என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் என்கிற ஈயக் குண்டே நாலரை மில்லிமீட்டர். இப்போது தசமத்தில் எண்ணுகிறார்கள், 10.9 வரைக்கும். 10.2-க்கும் 10.6-க்கும் நடுவில் பெல்லட் தின்கிற பங்கு உண்டு. எல்லாப் பழியையும் கை மேல் போடாதே.

பெல்லட் டின் மேல் அதன் தலையின் அளவு போட்டிருக்கும்: 4.49, 4.50 என்று. ஒவ்வொரு அளவிலும் கொஞ்சம் வாங்கு. ரைபிளைத் தோளில் வைத்துச் சுடாமல் கிளாம்பில் இறுக்கி, அளவுக்கு ஒரு இலக்காக ஐந்தைந்து சுடு. எந்த அளவில் ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றனவோ அதுதான் உன் பேரலுக்கு. கிளப்பில் பக்கத்து லேன் பையனுக்கு 4.50 பிடித்தது என்று நீயும் வாங்காதே, அவன் பேரல் வேறு. அப்புறம் டின்னின் லாட் எண்ணை (ஒரே தடவை தயாரித்த தொகுதியின் எண்) குறித்துக்கொள். அதே பெயர், அதே அளவு, வேறு லாட் என்றால் மறுபடி சோதனை. பாயிண்ட் 22-லும் இதே கதைதான். ஈலி, லாபுவா என்கிற தோட்டா நிறுவனங்கள், சுடுகிறவர்கள் தங்கள் ரைபிளையே கொண்டுவந்து கிளாம்பில் மாட்டி, லாட் லாட்டாகச் சோதித்து வாங்கத் தனி ரேஞ்சே வைத்திருக்கிறார்கள். பெரிய போட்டிக்குப் போகிறவர்களும் பாயிண்ட் 22-ஐ வீட்டில் நிரப்புவதில்லை, லாட்டைத்தான் தேடுகிறார்கள்.

கொலுசுப் பட்டறை

பெல்லட் எடை எவ்வளவு இருக்கும்மா? என் தராசில் போடலாமா?

பத்து மீட்டர் அக்கா

அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே அண்ணே, 0.53 என்று டின்னிலேயே இருக்கும். உங்கள் தராசில் 0.52, 0.53, 0.54 என்று பிரியும். முரட்டுத்தனமாகத் தவறினதை ஒதுக்க அது போதும். நல்ல போட்டி டின்னில் எடை போட்டுப் பிரிப்பதால் பெரிசாக ஒன்றும் கூடாது என்பது என் கருத்து, இதில் சண்டைக்கு வருவார்கள். பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கிய பெல்லட்டைக் கண்ணால் பார்த்து ஒதுக்குங்கள், அதுதான் நிஜமான பலன். வெள்ளைத் துணியில் கொட்டி, அடிப்பக்கம் மேலே வருமாறு நிறுத்திப் பார்த்தால் வட்டம் கோணியது உடனே தெரியும். மகனைச் செய்யச் சொல்லுங்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், அது ஈயம். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடுகிற பழக்கம் சில பையன்களுக்கு உண்டு, பார்த்தால் ஒரு அதட்டு அதட்டுங்கள்.

சட்டம் கேட்பவர்களுக்கு: 4.5 மில்லிமீட்டர் வாய், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். போட்டி ரைபிள் அதில் பாதியைக்கூடத் தொடாது.

அஸ்தம்பட்டி பையன்

சரிங்க, பிரஸ் ஆசையை விட்டுவிட்டேன். கிளப்பில் கிளாம்ப் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை, கேட்கிறேன். பெரியப்பாவிடம் ஃபோனில் பேசினேன், பெட்டியைக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதில் தாத்தா காலத்து 12 போர் தோட்டாவும் நாலைந்து கிடக்கிறதாம். 12 போர் துப்பாக்கியை எப்போதோ விற்றாயிற்று, உரிமத்திலும் இல்லை. என்ன செய்வது? அடுத்த வாரம் நான் மேலே போகும்போது எடுத்துவந்து கொடுத்துவிடட்டுமா?

பழைய ஹவில்தார்

நீ தொடவே தொடாதே. உரிமத்தில் இல்லாத தோட்டாவைப் பையில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவாய், கீழே செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னால் 'தாத்தாவுடையது' என்றா சொல்வாய்? பெரியப்பா ஒரு கடிதம் எழுதட்டும்: என்ன தோட்டா, எத்தனை, எங்கே இருந்தது, எப்போது கண்ணில் பட்டது. அதை ஏற்காடு ஸ்டேஷனில் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளட்டும். பச்சை பூத்த 315-ஐயும் அதே கடிதத்தில் சேர்க்கலாம். நகல் ஒன்று ஆயுத உரிமப் பிரிவுக்கும் போகட்டும்.

பழைய தோட்டாவைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிற ஆசையும் வேண்டாம். கமலாபுரத்தில் விமானம் ஏறப்போகும்போது ஸ்கேனரில் அதுதான் முதலில் தெரியும்.

சேர்வராயன்

ஏற்காட்டில் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் பெரியப்பாவைத் தனிச்செய்தியில் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள் தம்பி. எங்கள் எஸ்டேட்டிலும் முன்பு இப்படி ஒப்படைத்திருக்கிறோம், ஸ்டேஷனில் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

பத்து மீட்டர் அக்கா

தம்பி, கிளாம்பில் மாட்டும்போது பேரலைக் கவ்வாமல் ஸ்டாக்கைக் கவ்வுகிற மாதிரி மாட்டு. ஒவ்வொரு ஐந்துக்கும் இலக்குத் தாளின் மூலையில் டின் அளவையும் லாட் எண்ணையும் எழுதிவிடு. இலக்குத் தாள்களைப் படம் எடுத்து இங்கேயே போடு, பார்த்துச் சொல்கிறேன்.